சாய்கோட்டாருக்கு இரண்டு நிறம் போதும்

டல்லாஸ் வட்டாரத் தமிழர்களில் சரிபாதிப் பேரை, பட்டும் ஜரிகையுமாக, பூட்டிய கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திய பெருமை ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு சிவப்பு வட்டமும் ஒரு கறுப்புப் பட்டையும்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் ஆலன் நகரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு அவர் சாய்கோட்டார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டயகனல் அங்கிள். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சுவரொட்டிகளை எல்லாம் அவர்தான் செய்தார், செய்கிறார், யார் தடுத்தாலும் செய்வார். அவர் சுவரொட்டியில் எந்த வரியும் தரைக்கு இணையாக ஓடாது. இடது பக்கம் கீழ் மூலையில் கிளம்பி, வலது பக்கம் மேல் மூலைக்கு மலையேறும். அதையே பார்த்துப் பார்த்து அவர் தலையும் இடது தோள் பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டது. புதிதாகச் சந்திப்பவர்கள், தாங்கள் சொல்வதை அவர் மிகவும் ஆழ்ந்து கேட்கிறார் என்று நினைத்து மகிழ்ந்துபோவார்கள்.

பிழைப்புக்கு அவர் லாஸ் கொலினாஸில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறார். நாள் முழுக்க நேர்நேரான கட்டங்களுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர். ஒரு கோடையில் ஆபீஸ்காரர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி ஃபோர்ட்வொர்த்துக்குக் கூட்டிப்போய் மியூசியம் காட்டினார்களாம். மற்றவர்கள் ஏசிக்காக உள்ளே போனார்கள், காபி குடித்தார்கள், திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் நூறு வருடத்துக்கு முந்தைய சுவரொட்டிகள் மாட்டியிருந்த ஓர் அறைக்குள் போய் மாட்டிக்கொண்டார். ஜெர்மனி, ரஷ்யா, ஹாலந்து பக்கத்தில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர், பூ வேண்டாம், கொடி வேண்டாம், சிரிக்கிற பெண் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, வட்டம், சதுரம், முக்கோணம், தடித்த கோடு, வாலும் கொண்டையும் இல்லாத மொட்டை எழுத்து, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்தவை அவை. நாடகமா, நூலகமா, பேனா மையா, எதை விற்பதானாலும் அதே வட்டம்தான். பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூடுகிற நேரத்துக்குக் காவலர் வந்து வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறார். உள்ளே போனவர் வேறு, வெளியே வந்தவர் வேறு என்று அவர் மனைவி ஜெயா அக்கா இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது அந்த மியூசியம் இருக்கும் திசையைக்கூடப் பார்க்கமாட்டார்.

அதுவரை எங்கள் சங்கத்தின் ஃப்ளையர் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். பொங்கல் என்றால் பானை, கரும்பு, கன்றோடு பசு, மூக்கும் வாயும் வைத்த சூரியன், டெக்ஸாஸ் வரைபடம், இரண்டு நாட்டுக் கொடிகள், வீடு விற்பவர், பல் டாக்டர், வரி ஆலோசகர் என்று நன்கொடையாளர்கள் கைகட்டி நிற்கும் படங்கள், ஏழு நிறத்தில் ஏழு விதமான எழுத்து. எல்லாம் முடிந்தபின், சாப்பாடு சைவமா என்று எழுதப் பசுவின் காலுக்கு நடுவில் இடம் தேடுவோம். நான்தான் அப்போது செயலாளர். அந்தக் கால் நடுவில் பலமுறை எழுதியிருக்கிறேன்.

சாய்கோட்டார் தன் முதல் சுவரொட்டியைக் குழுக் கூட்டத்தில் விரித்தபோது சங்கத் தலைவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் திருப்பினார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"இதென்ன சார்?"

"பொங்கல்."

"பானை எங்க?"

"அந்த வட்டம்."

"அப்ப சூரியன்?"

"அதுவும் அதே வட்டம்தான். ஒண்ணே ரெண்டு வேலை பாக்கும்போது எதுக்கு ரெண்டு வரையணும்?"

"கரும்பு?"

"கறுப்புப் பட்டை."

"மாடு?"

"மாட்டை எடுத்துட்டேன். ரெண்டு கலர் போதும், மாடு வந்தா மூணாவது கலர் கேக்கும்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். விழாவுக்கு அதிக நாளில்லை, வேறு ஆளும் இல்லை. அச்சுக்குப் போய்விட்டது.

அதில் நேரம் என்ற இடத்தில் ஒரே ஓர் எண் இருந்தது. நல்ல பெரிய எண். வட்டமும் வாலுமாக அழகாகவே இருந்தது. ஆனால் பட்டை ஏறும் போக்குக்கு ஏற்ப அதையும் உருட்டிவிட்டிருந்தார். பானை வைப்பது காலை ஒன்பது மணிக்கு. பாதிப் பேர் ஒன்பது என்று படித்து வந்தார்கள். மீதிப் பேர் ஆறு என்று படித்துவிட்டு, மாலை ஆறு மணிக்குக் குடும்பத்தோடு, மல்லிகைப்பூவோடு, கையில் சர்க்கரைப் பொங்கலுக்கான டப்பாவோடு, நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூடத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று எனக்குப் போன் மேல் போன் பண்ணினார்கள். நான் வீட்டில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்பது எந்தப் பக்கம் படுத்தாலும் ஒன்பதுதான் வித்யா," என்று சாய்கோட்டார் எனக்கு விளக்கினார். "பாக்கறவங்கதான் அதுக்கேத்த மாதிரி நிக்கணும்."

அடுத்து சித்திரைத் திருவிழா. இந்த முறை நன்கொடையாளர்களின் படம் கட்டாயம் வேண்டும் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டியவர், வீடு விற்கும் ரமேஷின் முகத்தை வட்டமாக வெட்டி, அந்த வட்டத்தைக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையால் பிளந்து, மேல் பாதியை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தார். கீழ் பாதியில் ரமேஷ் சிரித்துக்கொண்டிருந்தார். மேல் பாதியில் அவர் கண்கள் வேறு எங்கோ இருந்தன.

"சார், என்னைப் பாத்தா ஆக்சிடென்ட் கேஸ் மாதிரி இருக்கு," என்றார் ரமேஷ்.

"வேகம் தெரியுதுல்ல? அதுதான் வேணும்."

"நான் வீடு விக்கறேன் சார். எனக்கு எதுக்கு வேகம்?"

ஆனால் அந்த மாதம் ரமேஷுக்கு வந்த எல்லா போனும் அந்தப் படத்தைப் பற்றித்தான் என்றும், அதில் ஒருவர் வீடே வாங்கிவிட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். ரமேஷ் அதை ஒப்புக்கொள்வதில்லை.

ஆங்கில எழுத்தோடு அவருக்குச் சண்டை இல்லை. வட்டமும் கோடும் போட்டாலே பாதி எழுத்து வந்துவிடும். தமிழ்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. காம்பஸும் ஸ்கேலும் வைத்துத் தமிழ் நெடுங்கணக்கு முழுவதையும் கட்டியே தீருவேன் என்று கிளம்பினார். ப என்பது மூடியில்லாத பெட்டி, ட என்பது ஒரு மூலை. இவை இரண்டையும் பற்றிப் பேசும்போது அவர் குரல் குழையும். ழ அவரைத் தோற்கடித்தது. வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். வட்டத்தால் கட்டினால் சுழி வழிந்தது, கோட்டால் கட்டினால் நாற்காலி மாதிரி இருந்தது. கடைசியில் குழுக் கூட்டத்துக்கு வந்து, மிகவும் அமைதியாக ஒரு யோசனை சொன்னார்.

"தமிழ்ச் சங்கம்ங்கறதுல தமிழை எடுத்துடலாமா?"

நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தேன்.

"சங்கம்னு போட்டா போதுமே. எந்தச் சங்கம்னு வர்றவங்களுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "விழாவையும் கூட்டம்னு மாத்திடலாம், அதுலயும் அந்த எழுத்து இருக்கு," என்று சேர்த்துக்கொண்டார். அன்று தலைவர் கொண்டுவந்திருந்த வடையை அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். சோபாவை மூலைக்குக் குறுக்கே போட்டிருப்பார். அவர்கள் வீட்டில் ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தால் நமக்கு இரண்டு நாள் கழுத்து திரும்பாது. ஒரு நவராத்திரிக்கு ஜெயா அக்காவுக்குக் காய்ச்சல் என்று கொலு வைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பொம்மைகளைத் தெய்வ வரிசையில் வைக்காமல் வடிவ வரிசையில் வைத்துவிட்டார். பிள்ளையார், செட்டியார், பூசணிக்காய் எல்லாம் ஒரு படி. கோபுரம், மலை, வேடன் கூடாரம் இன்னொரு படி. தசாவதாரம் செட் பிரிந்து சிதறிப்போயிற்று. கூர்மம் வட்டங்களோடு சேர்ந்தது, குடைபிடித்த வாமனர் முக்கோணங்களோடு போனார்.

"பெருமாளைக் கூறுபோட்டு வெச்சிருக்கார் பாரு இந்த மனுஷன்," என்று போர்வைக்குள்ளிருந்து ஜெயா அக்கா சொன்னார். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கொலு மிகவும் பிடித்திருந்தது. அவர்களில் என் மகள் தாரிணியும் ஒருத்தி. நரசிம்மரை எந்தப் படியில் வைப்பது என்று அவருக்கும் அவளுக்கும் நடந்த விவாதம் பாதி ஆங்கிலம், பாதி தமிழில் வெகுநேரம் ஓடியது.

சுவரொட்டிகளை ஒட்டுவதும் அவரேதான். இர்விங்கில் காதர் பாயின் மளிகைக் கடைதான் அவருக்கு முதல் இடம். பாய் இளையான்குடிக்காரர். கடைக்குள்ளேயே ஒரு மூலையில் டிபன் கவுண்டர் வைத்திருப்பவர். சுற்றிலும் இருக்கும் அபார்ட்மென்ட்களில் ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய பையன்கள் நான்கு பேராக, ஐந்து பேராகத் தங்கியிருப்பார்கள். அவர்களுக்குச் சமையலறை என்பது பாயின் கவுண்டர்தான். அந்தக் கடைக் கண்ணாடியில் சாய்கோட்டார் ரசமட்டக் கருவியையும் கோணமானியையும் வைத்து அளந்து, சுவரொட்டியைச் சரியான சாய்வில் ஒட்டிவிட்டுப் போவார். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அது நேராக இருக்கும்.

"என் ஆளுதான் சார் சரிபண்ணான். விழப்போகுதுன்னு நெனச்சுட்டான்," என்பார் பாய்.

"பாய், அது விழற மாதிரி இருக்கணும். ஆனா விழாது. அதுதான் அதுல விஷயம்."

"நீங்க சொன்னா சரி சார். டீ குடிங்க."

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் என் மகளின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தது.

தாரிணிக்கு அப்போது பதினேழு வயது. ஹைஸ்கூல் கடைசி வருடம். கைகளில் நீலமாகக் கன்றிய திட்டுகள் வந்தன. வாலிபால் விளையாடியதால் வந்தவை என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம், முதலில் பார்த்த டாக்டரும் நினைத்தார். ரத்தப் புற்றுநோய் என்று தெரிவதற்குள் அவளுக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மருந்தில் மட்டும் இது போகாது, வேறொருவரிடமிருந்து, புது ரத்தம் ஊறவைக்கும் மூலச் செல் வேண்டும் என்றார்கள். அவள் தம்பியுடையது பொருந்தவில்லை. கொடுப்பதாகப் பதிவு செய்து வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. பொருந்துகிறவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பக்கத்து வம்சாவளியில்தான் இருப்பார், அந்தப் பக்கத்து ஆட்கள் பதிவில் மிகவும் குறைவு என்று டாக்டர் சொன்னார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும், பதிவாகிவிடும். ஆனால் வருகிறவர்கள் இளைஞர்களாக இருந்தால்தான் நல்லது.

சங்கம் காதர் பாய் கடையில் ஒரு முகாம் நடத்த முன்வந்தது. தலைவரே உட்கார்ந்து ஒரு ஃப்ளையர் செய்து அனுப்பினார். ஊதா நிறப் பின்னணி, ஒரு மெழுகுவர்த்தி, கூப்பிய கைகள், நடுவில் தாரிணியின் அரங்கேற்றப் படம், பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடி கொட்டிய தலையோடு அவள். மேலே 'காப்பாற்றுங்கள்' என்று சொட்டுச் சொட்டாக வடியும் எழுத்து. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதைப் பார்த்து யாராவது ஒருவர் அழுதுகொண்டே வந்தால்கூட எனக்குப் போதும்.

தாரிணி கட்டிலில் படுத்தபடியே போனைப் பார்த்தாள். பிறகு திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா, நோ. நோ போட்டோ."

"கண்ணா, போட்டோ இருந்தாதான் ஜனங்க வருவாங்க."

"ஸ்கூல் ஃபுல்லா ஃபார்வர்ட் ஆகும். ஐ டோன்ட் வான்ட் டு பி தட் கேர்ள்."

"இப்ப அதெல்லாம் பாக்கற நேரமா?"

"நான் ஆல்ரெடி டயகனல் அங்கிளுக்கு டெக்ஸ்ட் பண்ணிட்டேன்," என்றாள். "ஹி நெவர் புட்ஸ் எனிபடிஸ் ஃபேஸ். ரமேஷ் அங்கிள்து மட்டும்தான். அதுவும் ஹாஃப்."

அந்த மனிதரின் சுவரொட்டியைப் பார்த்து ஜனங்கள் எப்போது சரியான நேரத்துக்கு, சரியான இடத்துக்கு வந்திருக்கிறார்கள்?

அடுத்த நாள் சாயங்காலம் நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தபோது, காகிதக் குழலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்துவிட்டார். சமையல் மேடை மேல் விரித்தார். இடப்பக்கம் பெரிய சிவப்பு வட்டம். வலப்பக்கம் அதே அளவில், உள்ளே ஒன்றுமில்லாத கறுப்பு வளையம். இரண்டுக்கும் நடுவில் கீழிருந்து மேலே ஏறும் ஒரு மெல்லிய பட்டை. உற்றுப் பார்த்தால் அது பஞ்சுக் குச்சி. விவரம் எல்லாம் அந்தப் பட்டைக்குள் எறும்பு ஊர்வது போல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"இது பொங்கல் இல்ல சார்," என்றேன். "இதுக்கு ஆள் வந்தாகணும்."

"தெரியும்."

"போட்டோ போடுங்க. அவ சின்னப் பொண்ணு, அவளுக்குத் தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பொண்ணுதான். ஆனா மூஞ்சி அவளோடதில்லையா வித்யா."

நான் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"தேதியும் நேரமும் நேரா வெச்சா உங்களுக்குத் திருப்தியா?"

திரும்பிப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, காதர் பாய் கடை என்ற மூன்றையும் பட்டையிலிருந்து பிடுங்கி, கீழே தனியாக, பெரிதாக, தரைக்கு இணையாக வைத்தார். பல் பிடுங்கிக்கொள்கிறவரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு என் கணவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் இர்விங் போனேன். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று மனதைத் தயார் செய்திருந்தேன். பார்க்கிங்கில் இடமில்லை. கடை வாசலிலிருந்து பக்கத்து சலூன் வரை வரிசை நின்றது. எல்லாம் பையன்கள், நடுநடுவே பெண்கள். இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சங்கத்து விழா எதிலும் நான் பார்த்திராத முகங்கள். தூக்கக் கலக்கத்தில், அரை டிராயரில், சீவாத தலையோடு நின்றார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வரிசையின் கடைசியில் நின்றவனிடம் போய் நன்றி சொன்னேன்.

"பரவால்ல ஆண்ட்டி," என்றான் அவன். "ஆனியன் மட்டும்தானா, இல்ல மசாலாவும் இருக்கா?"

விஷயம் பிறகுதான் விளங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டியை யாரோ ஒரு பையன் படம் பிடித்துத் தன் நண்பர்கள் குழுவில் போட்டிருக்கிறான். சிவப்பு வட்டம் ஊத்தப்பம். வெறும் வளையம் காலித் தட்டு. நடுவில் இருப்பது ஒன்று தோசைத் திருப்பி, இல்லையென்றால் பல் குத்தும் குச்சி. கீழே நாள், நேரம், பாய் கடை. எறும்பு எழுத்தை யாரும் படிக்கவில்லை. பாய் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஊத்தப்பத் திருவிழா, முதல் தட்டு இலவசம் என்று சனிக்கிழமைக்குள் இர்விங் முழுவதும் சேதி பரவிவிட்டது. இலவசம் என்பதை யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

காதர் பாய் நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். உள்ளே திரும்பி, "கல்லைப் போடு, மாவு எல்லாத்தையும் எடு," என்றார். பிறகு வாசலுக்கு வந்து நின்றார்.

"ஊத்தப்பம் உண்டு தம்பி. எல்லாருக்கும் உண்டு. மொதல்ல உள்ள போய் அந்தம்மாகிட்ட வாயைத் தொற."

முதலில் போனவன், ஊட்டிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகவே திறந்தானாம். முகாம் நடத்த வந்திருந்த பெண்மணி அவர்களை ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து இது என்ன, எதற்கு, நாளைக்குப் பொருந்துகிறது என்று போன் வந்தால் என்ன செய்யவேண்டியிருக்கும் என்று சொன்னார். பயந்துபோய்ச் சிலர் எழுந்து போனார்கள். சாப்பிட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று சிலர் சொன்னார்கள். மதுரைப் பக்கத்துப் பேச்சுள்ள ஒரு பையன் கையில் தட்டோடு என்னிடம் வந்தான்.

"யாருக்குக்கா இது?"

"என் பொண்ணுக்கு."

அவன் தட்டைப் பக்கத்து அரிசி மூட்டை மேல் வைத்தான். போனை எடுத்தான். "டேய், தூங்குனது போதும், எந்திரிச்சு வா," என்றான். "ஊத்தப்பமெல்லாம் இல்லடா. வேற. வா, சொல்றேன். ரூம்ல இருக்கற எல்லாரையும் கூட்டிட்டு வா."

அதற்குப் பிறகு வந்த கும்பலுக்கு ஊத்தப்பம் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் பஞ்சுக் குச்சிகள் தீர்ந்து, இன்னொரு பெட்டி வரவழைக்க வேண்டியிருந்தது.

சாய்கோட்டார் பதினோரு மணிக்கு வந்தார். வந்ததும் தன் வாயையும் திறந்துகொண்டு நின்றார். வயது தாண்டிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தத்தோடு வரிசையில் நின்ற ஒருவனிடம் சுவரொட்டியைக் காட்டி, "இதப் பாத்தா உனக்கு என்ன தோணுது தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

"ஊத்தப்பம் அங்கிள்."

"நல்லாப் பாரு. ஒரு பக்கம் நெறைவு. ஒரு பக்கம் வெறுமை. நடுவுல ஒரு இழுப்பு தெரியல?"

"பசி அங்கிள்."

அவர் உள்ளே வந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலித் தட்டுகளை எடுக்க ஆரம்பித்தார். நான் தாரிணிக்கு வீடியோவில் போன் பண்ணி வரிசையைக் காட்டினேன். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதையும் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். இருமல் வந்து, நர்ஸ் வந்து, அதற்கப்புறமும் சிரித்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனைச் சாய்கோட்டார் பக்கம் திருப்பினேன்.

"அங்கிள், இட்ஸ் யுவர் பெஸ்ட் ஒர்க்," என்றாள்.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கம்மா," என்றார் அவர், கையில் தட்டோடு.

அன்று வந்தவர்களில் யாரும் தாரிணிக்குப் பொருந்தவில்லை. இதை எழுதும்போது பேனா கொஞ்சம் நிற்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அந்த வரிசையில் நின்ற ஒருவனுடையது வேறு ஏதோ ஊரில் வேறு யாருக்கோ பொருந்திவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அவன் பயப்படாமல் போய்க் கொடுத்துவிட்டு வந்து, பாய் கடையில் அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறானாம். பாய் அவனிடம் பில் கொடுப்பதில்லை. தாரிணிக்குப் பொருந்தியவர் வேறெங்கோ, வேறு யாரோ நடத்திய முகாமில் எப்போதோ வாயைத் திறந்த ஒருவர். பெயர் சொல்லமாட்டார்கள். அவர் எதை நம்பி அங்கே வந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. எதை நம்பி வந்திருந்தாலும் சரி.

மூலச் செல் மாற்று சிகிச்சை நடந்த வாரங்களில் நானும் தாரிணியும் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தோம். தினமும் காலையில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை வரும். அது வரும் நேரம் உறவுக்காரர்கள், நண்பர்கள், சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருவர் விடாமல் போன் பண்ணி, இன்னைக்கு எவ்வளவு, நேத்து எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். அன்பால்தான் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி எனக்குத்தான் குரல் செத்துப்போகும்.

சாய்கோட்டாரும் தினமும் போன் பண்ணினார். ஜெயா அக்கா எனக்குக் கொடுத்தனுப்பும் ரசத்தைக் கொண்டுவந்து கீழே வரவேற்பில் வைத்துவிட்டு, பார்க்கிங்கிலிருந்தே பேசுவார். அது குழந்தைகள் ஆஸ்பத்திரி. கார் நிறுத்தும் கட்டடத்தில்கூட மாடிக்கு ஒரு மிருகம் என்று படம் வரைந்து வைத்திருப்பார்கள்.

"மூணாவது மாடிக்கு எதுக்கு வித்யா ஒட்டகச்சிவிங்கி? ஒரு மஞ்சள் முக்கோணம் போதாது? நான் இப்ப காரை யானைல விட்டேனா, கரடில விட்டேனான்னு தெரியாம சுத்திட்டிருக்கேன்."

"கரடி ரெண்டாவது மாடி சார்."

"யானைக்கும் கரடிக்கும் ஒரே பிரவுன் கலர் குடுத்திருக்காங்க. இவங்கள யார் கேக்கறது?"

பத்து நிமிடம் இப்படியே போகும். எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஒருநாள் நானே சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. இல்லேன்னா நான் லிஃப்ட் பட்டனைப் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்றார். லிஃப்ட் பட்டனைப் பற்றியே பேசச் சொன்னேன்.

தாரிணி இப்போது நன்றாக இருக்கிறாள். முடி சுருட்டை சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. கல்லூரிக்குப் போய், வாரம் ஒருமுறை என்னைத் திட்டுவதற்காகப் போன் பண்ணுகிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. போன் அடித்தாலே, யார் பெயர் என்று பார்ப்பதற்குள் எத்தனையோ நினைத்துவிடுகிறேன். திரையில் சாய்கோட்டார் பெயர் வந்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எடுப்பேன்.